மங்கிப்போன விளக்கு

“விளக்கு மங்கிட்டு வே! பாதி வெளிச்சம்கூட இல்ல. நல்லாப் பாத்துச் சொல்லும்!”

பல் டாக்டர் பர்னபாஸ் போட்ட சத்தத்தில், நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருந்த பிளாரன்ஸ் பட்டென்று மூடிக்கொண்டாள்.

இனிகோ பையிலிருந்து லைட் மீட்டரை எடுத்தார். பீச் ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். டாக்டரின் சிநேகிதர். படம் எடுக்குமுன் வெளிச்சத்தை அளக்கிற அந்த மீட்டர் கையில் இருந்ததுதான் வினையாகப் போயிற்று. ஒரு மாதமாக ஆள் மேல் ஆள் விட்டுக் கூப்பிடுகிறார் டாக்டர். இன்றைக்கும், ஞானஸ்நானம் முடிந்து கைக்குழந்தையோடு வந்த குடும்பத்தைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

விளக்கு ஒன்றும் பழசில்லை. கப்பலில் வேலை பார்க்கும் டாக்டரின் மச்சினன் போன வருடம், எழுபத்தெட்டில், சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. பல்லை அடைக்கிற பசையின் மேல் அதன் நீல வெளிச்சத்தைக் காட்டினால் அரை நிமிடத்தில் கல்லாக இறுகிவிடும். ஆனால் இப்போதெல்லாம் டாக்டர் அடைத்தது எதுவும் நிற்பதில்லை. பிளாரன்ஸின் முன்பல்லுக்கே இது மூன்றாவது தடவை.

“டாக்டரய்யா, திங்கக்கிழமை மகளுக்குக் கல்யாணம். நான் வாயப் பொத்திக்கிட்டா நிக்க?”

“விளக்கு சரியில்லம்மா. நான் என்ன செய்ய?”

இனிகோ விளக்கைப் போட்டு மீட்டரை அதன் முன் பிடித்தார். முள் துள்ளிப் போய் வழக்கமான இடத்தில் நின்றது.

“அப்படியேதான் இருக்கு. நீரே பாரும்.”

“நான் எதுக்குப் பாக்கணும்? கிறுக்குப் புடிச்ச மீட்டரு!”

“இத வச்சுத்தான் வே ஊர்க் கல்யாணம் பூராவும் எடுக்கேன். பல்பு போச்சுன்னீரு, மாத்தியாச்சு. கரண்டு கம்மின்னீரு, எலெக்ட்ரீசியன் வந்து பாத்துட்டுப் போயிட்டான். இப்ப என் மீட்டரா?”

“அப்ப அடைச்சது எப்படி விழுது?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் பல்லா புடுங்குதேன்?”

“கோவப்படாதேயும். இன்னொரு தடவ வச்சுப் பாரும்.”

இனிகோவுக்குப் பொறுமை போய்விட்டது. வெடுக்கென்று விளக்கைத் தூக்கினார். வெளிச்சம் அவர் கண்ணிலேயே அடித்தது.

“கண்ணு அவிஞ்சு போவுது! இதையா மங்கல்ங்கீரு? இந்தா, நீரே பாரும்!”

விளக்கை டாக்டரின் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

டாக்டர் இமைக்கவில்லை. முகமெல்லாம் நீலமாக, அந்த வெளிச்சத்தையே நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனிகோ விளக்கை அணைத்தார்.

“பிளாரன்சம்மா,” என்றார் டாக்டர், இறங்கிய குரலில். “நாளைக்கே பாளையங்கோட்டைக்குப் போயி வேற டாக்டர்ட்டக் காட்டிருங்க.”

அவள் ஒன்றும் புரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். இனிகோ டாக்டரின் தோளைத் தொட்டார்.

“பர்னபாஸு, கண்ணக் காட்டுவோம் வே. மதுரைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.”

“போயிட்டு வந்து ரெண்டு மாசமாச்சு.” டாக்டர் நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். “கண்ணு நரம்பு பட்டுப் போச்சாம், இனிமே திரும்பாதாம். விளக்குதான் மங்கிட்டுன்னு ஒம்ம மீட்டராவது ஒரு தடவ சொல்லிராதான்னுதான் வே ஒம்மக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்.”