தேய்க்கும் கல்லின் வைத்தியம்

"'நீ குத்திக் குத்தித்தான் வசுமதிக்குக் கால் ஆணி வந்தது' என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்," என்றது குளியலறைச் செருப்பு.

"சொல்வேன். ஆணிதான். நான் நாலு நாள் தேய்த்தால் போய்விடும்," என்றது கால் தேய்க்கும் கல்.

"ஆணிக்குள் கறுப்புப் புள்ளி ஏதுடி? பக்கவாட்டில் கிள்ளினாலே அவளுக்கு வலிக்கிறது. அது மரு, மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். டாக்டரிடம் காட்டி மருந்து வைக்கணும்."

"இந்த வீட்டுக் கால்களை எனக்குத் தெரியாதா? பேசாமல் கிட."

வசுமதி தேய்க்கத் தேய்க்க, ஒரே மாதத்தில் ஒரு மரு மூன்றானது.

"இன்னும் அழுத்தித் தேய்க்கணும்," என்றது கல்.

மறுநாள் குளிக்க வந்த வசுமதியின் மகள், வெடித்திருந்த தன் குதிகாலைப் பார்த்துவிட்டு அதே கல்லை எடுத்தாள்.

"கீழே போட்டுவிடு கண்ணு, அது உங்கம்மா மருவைத் தேய்த்த கல்," என்று செருப்பு கெஞ்சியது.