குதிரைமசால் வீட்டு விருந்தாளி

“வந்தவளுக்கு ஒரு பிடி சோறு கிடையாது, இதெல்லாம் ஒரு வீடா!” என்று மாட்டுத் தீவனத்துக்கு விதைத்த குதிரைமசாலின் வேருக்குள் உட்கார்ந்து கத்தியது நூற்புழு.

“உள்ளே வராதே என்றேனா? வாசல் திறந்துதானே கிடக்கிறது!” என்றது குதிரைமசால். தன் வேரில் புழு வாய் வைத்த இடத்தையெல்லாம் அது தானே சட்டுச் சட்டென்று கருக்கிக்கொண்டே வந்தது. கருகின இடத்தில் சாறு ஏது? புழு பட்டினியில் சுருண்டது.

பக்கத்துத் தட்டைப்பயறுக்கு மனசு கேட்கவில்லை. “என்னக்கா நீ, பச்சைப் பிள்ளையைப் போய்! நீ இங்கே வா கண்ணு!”

புழு போனது, தின்றது, பெருத்தது, பிள்ளையும் பேரனுமாகப் பெருகியது. தட்டைப்பயறின் வேரெல்லாம் கொழுக்கட்டை கொழுக்கட்டையாக முடிச்சு. இலைகள் மஞ்சளாகித் தொங்கின.

“எல்லாரும் சாப்பிட்டாச்சா? கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன், எனக்கும் துளி தண்ணி இறங்கட்டும்” என்றது தட்டைப்பயறு.

எல்லார் வாயிலும் சாறு.