அடுத்த அழைப்பு

"யாருங்க என் நம்பரைக் கொடுத்தது?" போனில் ஒரு பெண் கத்தினாள்.

"அதைச் சொல்ல மாட்டோம்மா. உங்களோட நெருக்கமா இருந்த ஒருத்தருக்குப் பால்வினை நோய்னு எங்க கிளினிக்ல தெரிஞ்சிருக்கு. நீங்களும் வந்து பாத்துக்கிட்டா ஒரே ஊசியில சரியாப் போயிடும்."

"என் வீட்டுக்காரரைத் தவிர எனக்கு யாருங்க?"

ஹெட்போனில் அழுகை அடங்கும்வரை சீனியர் நர்ஸ் காத்திருந்தாள். பிறகு வர வேண்டிய நேரத்தைச் சொல்லி வைத்தாள்.

"பாவம்க்கா. பேரைச் சொல்லித் தொலைச்சா என்ன?" என்றாள் பக்கத்து மேஜை நர்ஸ்.

"சொன்னா ஒரு ஈ காக்கா இந்தப் பக்கம் வராது. போன வருஷம் வரைக்கும் நம்ம ஆளுங்களே பேரை வெளிய விட்டு, இந்த இடம் காத்தாடலையா?"

பேசும் நர்ஸுக்கே எதிர்முனையில் இருப்பவரின் பெயரும் எண்ணும் தெரியாமல் கம்ப்யூட்டரே அழைக்கும் இந்த ஏற்பாட்டுக்காக மாநகராட்சியோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியவள் அவள்தான்.

அடுத்த அழைப்புக்கான பட்டனை அழுத்தினாள். மணி போனது.

"அக்கா, உங்க பையில போன் அடிக்குது."

அதை எடுக்கலாம் என்று ஹெட்போன் அழைப்பைத் துண்டித்தாள். பையில் சத்தம் நின்றது.

மறுபடி அழுத்தினாள். பையிலும் மறுபடி அடித்தது.

போனை வெளியே எடுத்தாள். திரையில் முகப்புப் படமாகச் சிரித்துக்கொண்டிருந்த கணவரின் முகத்துக்கு மேல் கிளினிக்கின் எண் மின்னியது.

ஹெட்போனைக் கழற்றிப் பக்கத்து மேஜையில் வைத்தாள்.

"நீ பேசு."

"அக்கா..."

"மேஜை மேல அட்டையில நான் எழுதி வச்சிருக்கறதை அப்படியே படி."

ஜன்னலோரம் போய்ப் போனைக் காதில் வைத்தாள். பக்கத்து மேஜை நர்ஸின் குரலில் தான் எழுதிய வரிகளே கேட்டன.

"யாரு..." என்று ஆரம்பித்தவள், பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்கு வரணும்?"