குடுத்தாச்சு

படிவத்தில் தேதி ஒன்றுதான் பாக்கி.

தெரிந்ததை எழுதிவிட்டாள். தெரியாத இடத்தில் கோடு போட்டாள். கோடுதான் அதிகம்.

காலையிலிருந்து இந்த ஸ்டேஷன் பெஞ்சுதான். முதுகு விட்டுப்போய்விட்டது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

அவளுடைய மாடி வீட்டில் இரண்டு மாதம் குடியிருந்தவன், நேற்றுப் பகலில் பக்கத்து வீட்டுக் கலாமணியைத் தள்ளிவிட்டுத் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

கலாமணிக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் வருகிற ஆளின் விவரத்தை ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாததல்ல. வெற்றுப் படிவம் பிரிட்ஜ் மேலேயே கிடந்தது.

ஆனால் அவன் வந்த அன்றைக்கே கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தாள்.

எந்தக் கூட்டம், எந்தக் குலம்? குலதெய்வக் கோயில் எந்த ஊர்?

தடுமாறாமல் சொன்னான். அவளுடைய கூட்டம், அவளுடைய கோயில். பொங்கல் வைப்பது எந்த மாதம் என்பது வரைக்கும் சொன்னான்.

அப்புறம் என்ன வேண்டிக்கிடக்கிறது? பங்காளி வீட்டுப் பையனைப் போய் யாராவது போலீஸில் எழுதிக் கொடுப்பார்களா?

ஆதார் அட்டையைக் கேட்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை நினைத்தால் இப்போது தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கலாமணி விவரமானவள். போன மாதம் ஒரு நாள் துணி காயப்போடும்போது மதில் மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க்கா, மாடிப் பையனப் பத்தி ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு."

வாயில் வந்த பொய். அவளோடு யார் மல்லுக்கட்டுவது என்று சொன்னது.

அதை நம்பித்தான் நேற்று அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டபோது கலாமணி கிரில் கேட்டைத் திறந்தாள்.

எதிர் மேஜையில் ஸ்டேஷன் ரைட்டர் கொட்டாவி விட்டார். அவருக்கும் காலையிலிருந்து இதே நாற்காலிதான்.

"போன மாசத் தேதி போட்டுக் குடுத்துருங்கம்மா. பழைய கட்டுல வெச்சுக்கறேன். உங்க மேல கேஸ் வராது. வயசானவங்க, எதுக்குக் கோர்ட்டுக்கு அலையறீங்க?"

பக்கத்தில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். கலாமணியின் புருஷன். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, கூட்டிப்போக ஆளில்லையே என்று இவளையும் தன் வண்டியிலேயே ஏற்றி வந்தவர்.

அவர் அவள் பக்கம் குனிந்தார்.

"போடுங்க்கா. நீங்க அப்பவே குடுத்துட்டீங்கன்னு கலா சொன்னா. இவிகதான் எங்கியோ தொலச்சுப்போட்டாங்க."

அவர் கண் சிவந்திருந்தது. குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு தேதி. போட்டுவிட்டால் அன்றைக்குச் சொன்னது பொய்யில்லை என்றாகிவிடும். கலாமணி பிழைத்து வந்து மறுபடி மதில் மேல் எட்டிப் பார்ப்பாள். இவளும் பேசிக்கொண்டிருக்கலாம், சாகும் வரைக்கும்.

பொய் வெளியே தெரியாமல் போனது நல்ல வேளை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே வெட்கமாக இருந்தது.

இன்றைய தேதியை எழுதினாள்.

"நான் குடுக்கவே இல்லீங்க தம்பி," என்றாள் நாச்சிமுத்துவிடம். "கலாகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

நாச்சிமுத்து அவளையே பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார்.

"கேஸ் ஆகும்மா," என்றார் ரைட்டர்.

"ஆகட்டுங்க."

வாசலில் வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. போகட்டும், பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ரைட்டர் கைகாட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். நான்கு இடம்.

வண்டிச் சத்தம் வாசலை விட்டு நகரவில்லை.