அறுபதுக்குள்ளே ஒரு நாள்

என் மகள் ஜெயக்கனிக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. அவள் போட்டிருக்கிற பனியன் இதயத்தை ஸ்கேன் பண்ணி, நுரையீரலுக்குப் போகிற குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று முதுகுப் பக்கம் எழுதிக் காட்டும். இன்று சாயங்காலம் வரை அறுபதைத் தாண்டாமல் இருந்தால் ஓட்டையை மூடலாம், தாண்டினால் மூடவே முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள்.

கட்டிலில் படுக்கவைத்தால் பயந்து அழுதாள். எண் ஐம்பத்தெட்டுக்கு ஏறிவிட்டது.

"உப்பு மூட்டை வாறியாட்டி?" என்று குனிந்தேன். உப்பளத்தில் இருபது வருசமாக மூட்டை சுமக்கிறவன் நான். முட்டியை மடக்கி, குலுங்காமல் அடி வைக்கத் தெரியும்.

அழுகை நின்றது. தெருவில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தேன். பின்னாலேயே வந்த என் மனைவி தங்கபுஷ்பம் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"ஐம்பத்திரண்டு. பையப் போங்க."

வெயில் சாய்ந்தபோது அவள் குரல் உடைந்தது. "பனியன்ல பச்சை விளக்கு எரியுதுங்க! மூடலாமாம். பிள்ளையை இறக்குங்க."

ஜெயக்கனி இறங்கவில்லை. "அப்பா, இனி நான் ஓடலாமா?"

"மூடின பெறவுதான்ட்டி."

"அப்போ இன்னைக்கு நீ ஓடு."

முட்டி விண்ணென்று வலித்தது. நாள் முழுக்கக் குலுங்காமல் நடந்தவன், குலுங்கக் குலுங்க ஓடினேன்.