சேராத ஆட்டுத்தலை

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில், வீடுகளுக்கு இறைச்சி அனுப்பும் கம்பெனி ஒன்றின் மென்பொருளை நுர்ஜமால் கவனித்துவந்தாள். போய்ச் சேராத ஆர்டரை அது மறுபடி அனுப்பிப் பார்க்கும். ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகும். ஓர் ஆர்டருக்கு மட்டும் அந்த நேரம் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வந்தது. மயிர் பொசுக்கிய ஆட்டுத்தலை ஒன்றுக்கான ஆர்டர் அது. சாலைக்காக எப்போதோ இடித்துவிட்ட வீட்டின் முகவரி.

அழித்தாள். திரும்பி வந்தது. வரும்போதெல்லாம் அறையில் மயிர் பொசுங்கும் நாற்றம் அடித்தது.

“கருமம், குமட்டிக்கிட்டு வருது! நீ ஏதாச்சும் நோண்டினியா?”

“நான் கையே வைக்கல தாயே,” என்றான் பக்கத்து மேசை எர்மெக், மூக்கைப் பொத்திக்கொண்டு. “எங்கயாவது போய்ச் சேந்தாத்தான் அது அடங்கும். டெஸ்ட் பண்றப்ப போடுவியே, அப்படி உன் பேரையே போட்டுத் தொலை.”

வழக்கம்போலத் தன் பெயரையும் ஆபீஸ் முகவரியையும் அடித்தாள். உடனே திரையில் பச்சை விழுந்தது: ‘பெற்றுக்கொண்டவர் நுர்ஜமால்.’

“விட்டுது சனியன்!” என்று சிரித்தான் எர்மெக்.

நுர்ஜமால் காலையிலிருந்து வெறும் டீதான் குடித்திருந்தாள்; ஆனால் நாக்கெல்லாம் கொழுப்பு பிசுபிசுத்தது. பல்லிடுக்கில் உறுத்தியதை விரலால் பிடித்து உருவினாள்.

கருகிய ஆட்டுமயிர். இன்னும் சுட்டது.