அவ சத்தம் கேட்கக் கூடாது

"கத்து! இன்னும் பலமாக் கத்து!"

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கடை நடுவில் நின்ற சமிசோனி, மனைவிக்குக் கட்டளை போட்டார். ஆறடி உயரம், பூப்போட்ட சட்டை, கண்களை இறுக்க மூடியிருந்தார்.

இரண்டடி தள்ளி நின்ற உனாய்சி இடுப்பில் கை வைத்து மூச்சை இழுத்தாள்.

"யோவ்! கூரை ஒழுகுதுன்னு மூணு மாசமா சொல்றேனே, காதுல விழுதா?"

சூவா நகரக் கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

சமிசோனி ஹெட்ஃபோனைக் கழற்றினார். "விழுது. இது வேண்டாம், வேற காட்டும்மா."

விற்பனைப் பெண் நஸ்ரீனுக்குச் சிரிப்பு வந்தது. "சார், உங்களுக்கு எந்தச் சத்தம் கேட்கக் கூடாது? பஸ்ஸா, மழையா?"

"இவ சத்தம்."

"யாரு, அக்காவோடதா?"

"அவளோடது மட்டும்தான். மழை கேட்டா பரவாயில்ல. சனிக்கிழமை எண்பது நிமிஷம் இவ குரல் என் காதுல நுழையக் கூடாது."

நஸ்ரீனின் சிரிப்பு நின்றுபோனது. அவள் வீட்டிலும் ஒருத்தன் இருந்தான். வேலையிலிருந்து வந்ததும் அவள் புருஷன் இம்தியாஸ் காதில் எதையாவது செருகிக்கொள்வான். அப்புறம் அவள் சமைத்தது, அழுதது, கேட்டது எதற்கும் பதில் வராது. இங்கே இந்த மனிதர் என்னடாவென்றால் பெண்டாட்டியைக் கூடவே கூட்டிவந்து, அவளையே கத்தவும் விட்டல்லவா வாங்குகிறார்!

வேண்டுமென்றே, பின்பக்கம் வலைபோட்ட ஒன்றை எடுத்து நீட்டினாள். "இது ரொம்ப நல்லா இருக்கும், சார். பாட்டு அப்படியே காத்துல மிதக்கும்."

சமிசோனி அதைத் திருப்பிப் பார்த்தார். "பாட்டு மிதக்கும். ஊர் சத்தமும் இந்த ஓட்டை வழியா உள்ள வந்து மிதக்கும். பின்பக்கம் மூடினது கொடும்மா."

ஆள் விவரமானவர்தான். நஸ்ரீன் வேறு பெட்டியைப் பிரித்தாள். "அப்ப பேட்டரி போட்டது? வெளிச் சத்தத்தைத் தானே கொன்னுடும்."

"விமான இரைச்சலை வேணா கொல்லும். இவ குரலைக் கொல்ல பேட்டரியால ஆகுமா?"

உனாய்சி அவர் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் கோபப்படவில்லை. "அந்த ஓரத்துல இருக்கறதை எடு தங்கச்சி. மெத்தை தடியா இருக்கு" என்று அவளே கைகாட்டினாள்.

சமிசோனி அதை மாட்டினார்.

"ஞாயித்துக்கிழமை எங்கம்மா வர்றாங்க! ஒரு மாசம் தங்கப் போறாங்க!"

"வரட்டும்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "ஆனா இந்த ஹெட்ஃபோன் வேண்டாம். தும்தும்னு பாஸ் சத்தம் குமுறுது. மனுஷக் குரல் தெளிவா வரணும், வெளியில இருந்து ஒண்ணும் வரக் கூடாது. ரெண்டும் வேணும்."

இரண்டும் உள்ள ஒன்று கடையில் இருந்தது. ஒரே ஒன்று. காதை முழுசாக மூடும். உள்ளே குரல் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். நஸ்ரீன் அந்தப் பெட்டியைக் காலால் மெல்லத் தள்ளி மேசைக்கு அடியில் ஒளித்தாள்.

"அவ்வளவுதான் சார். வேற இல்ல."

சமிசோனியின் முகம் தொங்கிப்போனது. "அப்படிச் சொல்லாதம்மா. நாலு கடை ஏறி இறங்கியாச்சு. இந்தச் சனிக்கிழமையும் இவ சத்தம் காதுல விழுந்தா என் பிழைப்பே போச்சு."

பெண்டாட்டி பேசினால் பிழைப்புப் போகுமாம்! நஸ்ரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா ஒன்றை எடுத்து அவர் தலையில் மாட்டி, பாட்டைப் போட்டுவிட்டாள். அவர் கண்ணை மூடியதும் உனாய்சியின் பக்கம் குனிந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? நல்லது ஒண்ணு மேசைக்கு அடியில இருக்கு. நான்தான் ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"ஏன்?"

"உங்களுக்காகத்தான். கட்டின பெண்டாட்டி பேசறதைக் கேட்க முடியாதுன்னு ஒரு மனுஷன் கடைகடையா ஏறி இறங்கறாரு. நீங்களும் கூட நின்னு சிரிக்கறீங்க! எங்க வீட்டுக்காரர் இப்படிச் செஞ்சா கடலுக்குள்ள தூக்கி எறிவேன். இவர் காது திறந்தே கிடக்கட்டும், அக்கா. நீங்க பேசறது எல்லாம் விழட்டும்."

உனாய்சி அவளையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்து நஸ்ரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேசைக்கு அடியில இருக்கறதைக் கொடும்மா" என்றது சமிசோனியின் குரல். ஹெட்ஃபோன் இன்னும் அவர் காதில்தான் இருந்தது. "இதுவும் சரியில்ல. நீ சொன்னது ஒரு வார்த்தை விடாம கேட்டுது."

நஸ்ரீனுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அசையவில்லை. "தர மாட்டேன், சார். அக்கா சொல்லட்டும், தரேன்."

உனாய்சி அதற்குமேல் அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"எனக்காகவே எடுத்துக் கொடு, என் தங்கமே! சனிக்கிழமை ரக்பி மைதானத்துல எண்பது நிமிஷமும் இவர் ஒரு ரேடியோவுக்கு வர்ணனை, நான் போட்டி ரேடியோவுக்கு வர்ணனை. நடுவுல ஒரே ஒரு பலகைத் தடுப்பு. போன வாரம் நான் வாய் தவறி பந்தே தொடாத ஒருத்தன் பேரைச் சொல்லிட்டேன், அடுத்த நொடியே இந்த மனுஷனும் அதே பேரைச் சொல்லிட்டாரு!"